கொடைக்கானல் பாறையும் ஹாலண்டைட்டும்: ஒரு கனிமத்தின் பெயர்க் கதை

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ்ஸில் ஏறுபவர்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்குப் பக்கம்தான் பார்ப்பார்கள். மறுபக்கம், சாலைக்காக வெட்டப்பட்ட பாறையை யாரும் கவனிப்பதில்லை. வெளியே துருப்பிடித்த பழுப்பு நிறம். புதிதாக உடைந்த இடத்தில் மட்டும் எண்ணெய் தடவியது போல ஒரு கரும்பச்சை மினுமினுப்பு. வெள்ளி நீர்வீழ்ச்சி விழுவதும் தூண் பாறைகள் நிற்பதும் இந்தக் கல்லில்தான். ஊர்க்காரர்களுக்கு அது கருங்கல். புவியியல் புத்தகத்தில் அதன் பெயர் சார்னோக்கைட்.

இந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட் என்ற ஆங்கிலேயர். பிறகு அவர் பெயரையே ஒரு மாங்கனீஸ் கனிமத்துக்கு வைத்தார்கள். அதுதான் ஹாலண்டைட். உலகத்துக்கு அது முதலில் அறிமுகமானது இந்திய மண்ணிலிருந்துதான். ஆனாலும் பள்ளிப் பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது.

ஒரு கல்லுக்கும் ஒரு கனிமத்துக்கும் யார் பெயர் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள், அவற்றில் எது நிலைத்தது என்று பார்த்தால், ஒரு நூற்றாண்டு இந்திய வரலாறு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

பெயருக்கு முன்பே இருந்த கல்

பழனி மலையின் கல்லை மனிதர்கள் பயன்படுத்தத் தொடங்கியது வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு அல்ல. தாண்டிக்குடி பக்கம் போனால் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த கற்திட்டைகளைப் பார்க்கலாம். அவை பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காகக் கட்டியவை. அவற்றை ஆராய்ந்து ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள் எழுதிய நூலை 1928 இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது.

பின்னால் கோயில்களும் கிணறுகளும் ஆட்டுக்கல்லும் அம்மிக்கல்லும் வந்தன. எந்தக் கல் உளிக்கு இணங்கும், எது சிலும்பிப் போகும் என்பது தமிழ்நாட்டுக் கல்தச்சர்களுக்கு அத்துப்படி. ஆனால் அந்த அறிவு அச்சில் ஏறவில்லை. அச்சில் ஏறியவர்தான் பெயர் வைக்கும் உரிமையையும் பெற்றார்.

1821 இல் பி.எஸ்.வார்டு என்ற ராணுவ அதிகாரி பழனி மலையை அளந்தார். 1845 இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1899 இல் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. இவர்கள் கால் வைத்த பாறைக்கு அறிவியல் உலகில் தனிப்பெயர் கிடைத்தது 1893 இல்தான். அதுவும் ஒரு கல்லறை வழியாக!

கல்லறையிலிருந்து வந்த பெயர்

ஜாப் சார்னாக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரி. வங்காளத்தில் மொகலாயர்களோடு தகராறு முற்றியபோது கம்பெனி ஆட்கள் மெட்ராஸுக்கு ஒதுங்கினார்கள். சார்னாக்கும் 1689 இல் இங்கேதான் இருந்தார். 1690 ஆகஸ்டில் மறுபடியும் வங்காளம் போய் ஹூக்ளி ஆற்றங்கரையில் இறங்கினார். 1693 ஜனவரியில் இறந்தார். கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

வங்காளத்தின் டெல்டா வண்டல் மண்ணில் இப்படி ஒரு பாறை கிடையவே கிடையாது. கருமையான அந்தக் கல்லறைக் கல்லை ஹாலண்ட் ஆராய்ந்தார். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளோடு அது அச்சு அசலாகப் பொருந்தியது. ஹைப்பர்ஸ்தீன் என்ற இரும்பு, மக்னீசியம் கலந்த கனிமம் உள்ள கிரானைட் வகைப் பாறை அது. மெட்ராஸிலிருந்து கப்பலில் போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சார்னாக்கின் நினைவாக 1893 இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்.

1900 இல் ஹாலண்டின் பெரிய ஆய்வறிக்கை வந்தது. தென்னிந்தியாவில் இந்தப் பாறையும் இதன் உறவுப் பாறைகளும் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பது அதற்குப் பிறகுதான் உலகத்துக்குப் புரிந்தது. நீலகிரி, சேர்வராயன், பழனி என்று தமிழ்நாட்டின் பெரிய மலைகள் எல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பாறைகளே.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் சார்னாக் என்று பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2003 இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவரை அந்த நகரத்தின் நிறுவனராகக் கருதக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நகரத்தின் மேல் இருந்த உரிமை போய்விட்டது. தமிழ்நாட்டு மலைகளின் மேல் ஒட்டிய பெயர் மட்டும் போகவில்லை! இன்று அண்டார்டிகாவில் அதே வகைப் பாறை கிடைத்தாலும் சார்னோக்கைட் என்றுதான் எழுதுகிறார்கள். பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

யார் இந்த ஹாலண்ட்?

1868 இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். தகரச் சுரங்கங்களுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் அது. 1890 இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். கார்வால் இமயமலையில் 1893 இல் பெரிய மலைச்சரிவு ஏற்பட்டு ஆறு அடைபட்டு, கோனா என்ற ஏரி உருவானது. ஹாலண்ட் அங்கே போய்ப் பார்த்து, நீர் அணை மேல் வழியும்போது வெள்ளம் வரும் என்று எச்சரித்தார். 1894 ஆகஸ்டில் அப்படியே நடந்தது. மக்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் பெரிய உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது.

1903 இல் துறையின் இயக்குநர் ஆனார். 1909 இல் இங்கிலாந்து திரும்பினார். 1916 இல் இந்தியத் தொழில் ஆணையத்துக்குத் தலைவராக மறுபடி வந்தார். பிற்காலத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இறந்தது 1947 இல்.

அவர் இயக்குநராக இருந்த காலத்தில்தான் இந்திய மாங்கனீஸுக்குத் திடீர் மவுசு வந்தது.

மாங்கனீஸ் வேட்டை

மாங்கனீஸ் தனித் தனிமம் என்று தெரிந்தது 1774 இல். ஸ்வீடன் நாட்டின் ஷீலே அதை அடையாளம் காட்ட, அவருடைய நண்பர் கான் அதைப் பிரித்தெடுத்தார். கண்ணாடித் தொழிலிலும் வெளுக்கும் தொழிலிலும்தான் முதலில் அதற்கு வேலை இருந்தது.

1856 இல் பெஸ்ஸிமர் எஃகு உருக்கும் புது முறையைக் கொண்டுவந்தார். ஆனால் அந்த எஃகு சுத்தியலால் அடித்தால் நொறுங்கியது. உருக்கில் தங்கிவிட்ட ஆக்சிஜனும் கந்தகமும்தான் காரணம். ராபர்ட் முஷெட் மாங்கனீஸ் கலந்த இரும்பைச் சேர்த்துப் பார்த்தார். கோளாறு தீர்ந்தது. மாங்கனீஸ் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். அன்றிலிருந்து எஃகு ஆலைக்கு மாங்கனீஸ் சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி. அளவு கொஞ்சம்தான், ஆனால் இல்லாமல் முடியாது. 1882 இல் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த மாங்கனீஸ் எஃகு, அடிபட அடிபட உறுதியாகும் வகை. ரயில்பாதைக் குறுக்குகளுக்கும் கல் உடைக்கும் எந்திரங்களுக்கும் அது போனது.

இந்தியாவில் மாங்கனீஸ் சுரங்கத் தொழில் 1890களின் தொடக்கத்தில் விசாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடூர் பக்கம் ஆரம்பித்தது. கோடூரும் கொடைக்கானலும் அப்போது ஒரே மெட்ராஸ் மாகாணம். பிறகு நாக்பூர், பாலாகாட், பண்டாரா, சிந்த்வாரா என்று மத்திய மாகாணங்களுக்கு வேட்டை நகர்ந்தது. 1905 இல் ரஷ்யாவில் புரட்சி வெடித்தது. அங்கிருந்து வந்த தாது தடைப்பட்டு விலை ஏறியது. இந்தியச் சுரங்கங்கள் பரபரத்தன. 1907 இல் உற்பத்தி சுமார் 9 லட்சம் டன்.

இவ்வளவு தாதுவும் என்ன ஆனது? கூலியாட்கள் வெட்டினார்கள், கூடையில் சுமந்தார்கள், ரயில் ஏறியது, கப்பல் ஏறியது. பெரும்பகுதி கச்சாத் தாதுவாகவே வெளிநாட்டு உலைகளுக்குப் போனது. எஃகாக மாறி நம் நாட்டுக்கே விலைக்குத் திரும்பி வந்தது. உலையில் சேரும் லாபம் இந்தியாவில் தங்கவில்லை.

ஃபெர்மோர் வருகிறார்

தாது எங்கெல்லாம் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! அந்தப் பொறுப்பு 1902 இல் வேலைக்குச் சேர்ந்த லூயிஸ் லே ஃபெர்மோர் என்ற இளைஞருக்கு வந்தது. வயது இருபத்திரண்டு. அவர் சுரங்கம் சுரங்கமாக அலைந்தார். 1909 இல் வந்த அவருடைய 'இந்தியாவின் மாங்கனீஸ் தாதுப் படிவுகள்' நூல் 1,200 பக்கங்களுக்கு மேல். (இவருடைய மகன்தான் ஐரோப்பாவைக் காலால் நடந்து கடந்து புகழ்பெற்ற பயண எழுத்தாளர் பாட்ரிக் லே ஃபெர்மோர்.)

இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மேற்கு மூலையில் இருக்கும் ஜாபுவா அப்போது ஒரு சிறிய சமஸ்தானம். பீல் பழங்குடி மக்கள் நிறைந்த பகுதி. அங்கே உள்ள கஜ்லிடோங்ரி சுரங்கத்தில், மாங்கனீஸ் தாதுவை ஊடுருவிச் செல்லும் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகளில் கறுப்புப் படிகங்கள் கிடைத்தன. அதுவரை தெரிந்த எந்தக் கனிமத்தோடும் அவை ஒத்துப்போகவில்லை. 1906 இல் ஃபெர்மோர் அவற்றுக்குத் தன் இயக்குநரின் பெயரை வைத்தார். அப்படிப் பிறந்ததுதான் ஹாலண்டைட்.

பண்புகள்

ஹாலண்டைட் பேரியமும் மாங்கனீஸும் சேர்ந்த ஆக்சைடு. எட்டு மாங்கனீஸ் அணுக்களுக்குப் பதினாறு ஆக்சிஜன், கூடவே ஏறத்தாழ ஒரு பேரியம். மாங்கனீஸில் பெரும்பகுதி நான்கு மின்னூட்ட நிலையிலும், மிச்சம் மூன்று நிலையிலும் இருக்கும். கொஞ்சம் இரும்பும் இடம் பிடித்துக்கொள்ளும்.

நிறம் வெள்ளி கலந்த சாம்பலிலிருந்து கறுப்பு வரை. பளபளப்பு உலோகம் போல. கீறினால் வரும் தூளும் கறுப்பு. ஒப்படர்த்தி 5-ஐ நெருங்கும். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65 தான். ஆக, ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை இரண்டு கையில் வைத்தால் ஹாலண்டைட் கை தாழ்ந்துவிடும். நல்ல படிகம் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினம். பட்டகம் போன்ற நீளப் படிகங்களாகவும், நார் நாராகவும் கிடைக்கும்.

ஃபெர்மோர் இதை ஒரு வகை மாங்கனீஸ் அமிலத்தின் உப்பு என்று நினைத்தார். படிகத்துக்குள் பார்க்கும் எக்ஸ் கதிர் முறை அப்போது இல்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான். 1950 இல் ஸ்வீடனைச் சேர்ந்த பைஸ்ட்ரோம் தம்பதியர் எக்ஸ் கதிர் மூலம் அதன் உள்ளமைப்பைக் காட்டினார்கள். ஒரு மாங்கனீஸைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் சேர்ந்த எண்முகிகள் இரண்டிரண்டாக ஒட்டிச் சங்கிலி ஆகின்றன. நான்கு சங்கிலிகள் நான்கு சுவராக நின்று நடுவில் ஒரு சதுரச் சுரங்கப்பாதையை உண்டாக்குகின்றன. அந்தப் பாதையில் வரிசையாகப் பேரியம் உட்கார்ந்திருக்கிறது. சுரங்கத்தில் கிடைத்த கனிமத்துக்குள்ளேயே சுரங்கம்!

பேரியத்துக்குப் பதில் பொட்டாசியம் உட்கார்ந்தால் கிரிப்டோமெலேன். ஈயம் உட்கார்ந்தால் கொரொனடைட். வீடு ஒன்றுதான், குடியிருப்பவர்தான் வேறு.

நிலைக்காத பெயர்கள்

ஃபெர்மோர் பெயர் வைப்பதில் தாராளமானவர். ஆனால் அவர் வைத்தவற்றில் பல நிலைக்கவில்லை.

சிந்த்வாராவின் சீதாபார் கிராமத்தின் பெயரில் வைத்த சீதாபரைட், அமெரிக்காவின் யூட்டாவில் 1897 இலேயே விவரிக்கப்பட்ட பிக்ஸ்பையைட்தான் என்று பின்னால் தெரிந்தது. முதலில் வந்தவருக்கே உரிமை என்பது விதி. இந்தியக் கிராமத்தின் பெயர் அழிந்தது. சக ஊழியர் பெயரில் வைத்த வ்ரெடன்பர்கைட், இரண்டு கனிமங்கள் பின்னிக்கிடந்த கலவை என்று ஆனது. பிளான்ஃபோர்டைட்டும் ஜடைட்டும் வேறு கனிமங்களின் மாங்கனீஸ் கலந்த வகைகள் என்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கஜ்லிடோங்ரிச் சுரங்கத்தோடு தொடர்புடைய வின்ச் என்பவரின் பெயரில் வைத்த வின்சைட் தப்பியது.

ஃபெர்மோர் பெயரிலும் வேறு இருவர் 1910 இல் ஒரு கனிமத்துக்கு ஃபெர்மொரைட் என்று பெயரிட்டார்கள். அதுவும் கிடைத்தது சீதாபாரில்தான். நூறு ஆண்டு கழித்து, 2010 இல் நடந்த மறுவகைப்பாட்டில் அந்தப் பெயரும் போய்விட்டது. ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவருக்குக் கனிமப் பட்டியலில் தன் பெயர் மிச்சமில்லை.

பாறைகளுக்கு வைத்த பெயர்களில் இரண்டு மட்டும் வேறு மாதிரி. கோடூரின் பெயரில் கோடூரைட். மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடியினர் பெயரில் கோண்டைட். மாங்கனீஸ் கார்னெட்டும் குவார்ட்ஸும் சேர்ந்த அந்தப் பாறையை இன்றும் உலகம் முழுக்கக் கோண்டைட் என்றே சொல்கிறார்கள். கவர்னர், இயக்குநர் பெயர்களுக்கு நடுவில், அந்த மண்ணில் வாழ்ந்த மக்களின் பெயர் ஒன்றாவது அறிவியலில் ஏறியது என்பதைச் சும்மா விட்டுவிட முடியாது.

ஹாலண்டைட் நிலைத்தது மட்டுமல்ல, ஒரு பெருங்குடும்பத்துக்கே தலைப்பெயர் ஆகிவிட்டது. 2013 இல் வந்த புதிய வகைப்பாடு, இந்தச் சுரங்கப்பாதை அமைப்புள்ள கனிமங்கள் அனைத்தையும் 'ஹாலண்டைட் பெருங்குழு' என்று சேர்த்தது.

பழனி மலையில் ஏன் இல்லை?

பூமியின் மேலோட்டில் மாங்கனீஸ் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது. கொடைக்கானல் பாறையிலும் கொஞ்சம் உண்டு. அப்படியானால் அங்கே ஏன் ஹாலண்டைட் இல்லை?

மாங்கனீஸ் ஓரிடத்தில் குவிய வேண்டுமானால் முதலில் நீரில் கரைய வேண்டும். பிறகு ஆக்சிஜன் உள்ள கடல்நீரில் கறுப்புப் படிவாக இறங்க வேண்டும். மத்திய இந்தியாவின் தாதுக்கள் அப்படிக் கடலடியில் படிந்து, பின்னால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியவை. ஆக்சிஜன் நிறைந்த சூழல் இருந்ததால் மாங்கனீஸ் நான்கு மின்னூட்ட நிலையை அடைய முடிந்தது.

பழனி மலையின் கதை வேறு. அந்தப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்தவை. கொடைக்கானல் அடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் சஃபிரின் என்ற நீலக் கனிமம் உள்ள பாறைகள் இருக்கின்றன. அவை 900 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கியவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த வேக்காடு நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அந்த ஆழத்தில் மாங்கனீஸ் இரண்டு மின்னூட்ட நிலையில், இரும்பின் இடத்தில் ஹைப்பர்ஸ்தீனுக்குள்ளும் கார்னெட்டுக்குள்ளும் சிதறி ஒளிந்துகொள்கிறது. குவியாது, ஹாலண்டைட்டும் ஆகாது.

அதனால்தான் பழனி மலையில் மாங்கனீஸ் சுரங்கம் வரவில்லை. மலை தப்பியது என்றும் சொல்லலாம்.

கிடைக்கும் இடமும் பயனும்

ஹாலண்டைட் ஜாபுவாவில் மட்டும் இல்லை. நாக்பூர் – பாலாகாட் மாங்கனீஸ் பட்டையிலும், ஸ்வீடன் போன்ற சில வெளிநாடுகளிலும் கிடைக்கிறது. பைரோலூசைட், பிரானைட் போன்ற மற்ற மாங்கனீஸ் கனிமங்களோடு ஒப்பிட்டால் அரிதுதான். தனியாக ஹாலண்டைட்டுக்காக யாரும் சுரங்கம் தோண்டுவதில்லை. தாதுவோடு தாதுவாக அதுவும் உலைக்குப் போகிறது.

அதன் உள்ளமைப்புக்குத்தான் இப்போது மதிப்பு. 1978 இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட், அணு உலைக் கழிவைப் பூட்டிவைக்க 'சின்ராக்' என்ற செயற்கைப் பாறையை முன்வைத்தார். அதில் ஒரு பகுதி ஹாலண்டைட் அமைப்பு. மாங்கனீஸுக்குப் பதில் டைட்டானியமும் அலுமினியமும் சுவராக நிற்க, பேரியம் உட்காரும் சுரங்கப்பாதையில் கதிரியக்க சீசியம் அடைக்கப்படுகிறது. இயற்கையில் பல கோடி ஆண்டுகள் கலையாமல் இருந்த வீடு, ஆபத்தான கைதிக்குச் சிறையாகவும் உதவும் என்பதுதான் யோசனை. இதே அமைப்புள்ள மாங்கனீஸ் ஆக்சைடுகளை மின்கலங்களுக்கும் ஆராய்கிறார்கள்.

கடைசியாக

கல்கத்தாவில் புதைக்கப்பட்ட வியாபாரியின் பெயர் தமிழ்நாட்டு மலைக்கு வந்தது. அந்தப் பெயரை வைத்தவரின் பெயர் பீல் மக்கள் நாட்டுக் கனிமத்துக்குப் போனது. கற்திட்டை எழுப்பியவர்களின் பெயரோ, கஜ்லிடோங்ரியில் கூடை சுமந்தவர்களின் பெயரோ எந்தப் பட்டியலிலும் இல்லை. ஹாலண்டும் ஃபெர்மோரும் திறமைசாலிகள், உழைப்பாளிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேனா யார் கையில் இருந்ததோ அவர்கள் பெயரே கல்லில் நின்றது.

பின்னால் பேனா கைமாறியது. சார்னோக்கைட் ஆழத்தில் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்குப் புதுவழி திறந்தது, கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாதாரண நைஸ் பாறை சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த தடத்தைக் கண்டு 1960 இல் எழுதிய சி.எஸ்.பிச்சமுத்து. இந்தியாவில் பிறந்து, இந்தியக் கல்லை இந்திய மண்ணிலேயே படித்தவர். ஹாலண்ட் அந்தக் கல்லுக்குப் பெயர் கொடுத்தார். அது எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டியவர் பிச்சமுத்து.